கார் ஆர்வலர்கள் கூடும் சந்திப்பில் பார்த்த டிஜிட்டல் மீட்டரை வீட்டிலேயே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்கா 1996 முதல் கட்டாயமாக்கிய ஓபிடி-2 சாக்கெட் (கோளாறு கண்டறியும் கருவியை மெக்கானிக் செருகும் இடம்) இன்று நம் ஊர்க் கார்களிலும் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அண்மைக்கால கார்களில் அதன் 6, 14ஆம் பின்களில் கேன் பஸ், அதாவது காரின் கம்ப்யூட்டர்கள் தகவல் பரிமாறும் வயர் ஜோடி, ஓடும். ஒரு இஎஸ்பி32 போர்டு (புரோகிராம் ஏற்றக்கூடிய குட்டி கம்ப்யூட்டர்), அதை கேன் பஸ்ஸோடு பேசவைக்கும் கேன் டிரான்ஸீவர், சின்ன ஓலெட் திரை போதும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை கேட்டால் இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு எண் அனுப்பும். அதில் 40 கழித்தால் செல்சியஸ்.

புரோகிராம் சுலபம், கரண்ட் சப்ளைதான் சிக்கல். 12 வோல்ட் என்று சொன்னாலும் இன்ஜின் ஓடும்போது 14ஐத் தாண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி இணைப்பு கழன்றால் ஒரு கணம் 35 வோல்ட்டுக்கு மேலும் எகிறலாம். ஃபியூஸ், திடீரென எகிறும் வோல்டேஜை அடக்கும் டிவிஎஸ் டயோடு, வோல்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர் மூன்றும் இல்லாமல் தயவுசெய்து இணைக்காதீர்கள். 16ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். போர்டு தூங்காவிட்டால், நாள்கணக்கில் நிறுத்திய காரின் பேட்டரி இறங்கிவிடும். ஏர்பேக் வயர்கள் பக்கமே போக வேண்டாம்.

பாதி முடிந்திருந்தாலும் அடுத்த சந்திப்புக்கு மாட்டிக்கொண்டு போங்கள். பானெட்டைத் திறந்து வைத்திருப்பவரிடம், "அண்ணா, வயரை எந்த வழியா உள்ளே இறக்கினீங்க?" என்று கேட்டால், பக்கத்துக் கார்க்காரரும் வந்து சேர்ந்துகொள்வார். அந்தப் பேச்சுக்காகவே நான் போகிறேன்.