கேள்வி-பதில்: சென்டர்களில் முதலிடம் யாருக்கு?

கே: என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வரலாற்றில் தலைசிறந்த சென்டர் (கூடையடியில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்) யார்? வரிசைப்படுத்திச் சொல்லுங்கள். 'ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதத்தில் சிறந்தவர்' என்று மழுப்ப வேண்டாம்.

ப: கரீம் அப்துல் ஜபார், பில் ரஸல், ஹக்கீம் ஒலஜுவான், ஷகீல் ஓ'நீல், வில்ட் சேம்பர்லின், நிகோலா யோகிச், மோசஸ் மலோன். இதுதான் எங்கள் வரிசை.

கரீம் 20 சீசன் ஆடினார். 6 முறை எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். 6 கோப்பைகள் வேறு. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1971-லும் வாங்கினார், 38 வயதில் 1985-லும் வாங்கினார். நடுவில் 14 ஆண்டுகள்! 1984-இல் சேம்பர்லினை முந்திப் பிடித்த மொத்தப் புள்ளிகள் சாதனை (38,387) 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டும்வரை அவரிடமே இருந்தது. அத்தனை புள்ளிகளில் மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்றுதான். மீதியில் பெரும்பங்கு அந்த ஸ்கைஹூக்குக்கு. தடுப்பவருக்கும் பந்துக்கும் நடுவில் தன் உடம்பின் அகலம் முழுவதையும் வைத்துக்கொண்டு, கையை முழுக்க நீட்டி, உச்சியிலிருந்து மணிக்கட்டால் விடுவார். 7 அடி 2 அங்குல ஆள் அப்படி விட்டால் எட்டிப் பிடிக்க யாருக்குக் கை இருக்கிறது? கடைசி ஆண்டுகளில் அவரது ரீபவுண்டு (தவறிய எறியைப் பிடிப்பது) நன்றாகவே குறைந்தது. அது உண்மையான குறைதான், ஆனால் முதலிடத்தை இழக்கும் அளவுக்கு இல்லை.

கே: 13 சீசனில் 11 கோப்பை வென்ற ரஸலுக்கு இரண்டாம் இடமா? இது அநியாயம் இல்லையா?

ப: ரஸலை முதலில் வைப்பவர்களோடு நாங்கள் சண்டைக்குப் போகமாட்டோம். கடைசி இரண்டு கோப்பைகளை (1968, 1969) ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து வென்றவர் அவர். ஏழாவது ஆட்டம் வரை இழுத்த தொடர்களில் 10-க்கு 10 வெற்றி.

அவர் பிளாக் செய்த (எதிரணி எறிந்த பந்தைத் தட்டித் தடுத்த) விதத்தைக் கவனித்துப் பாருங்கள். பந்தைப் பார்வையாளர் பக்கம் அறைந்து கைதட்டல் வாங்கமாட்டார். அப்படி அறைந்தால் பந்து மறுபடி எதிரணிக்கே போகும். ரஸல் மெல்லத் தட்டி ஆடுகளத்துக்குள்ளேயே நிறுத்துவார். சக ஆட்டக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓட, மறுமுனையில் இரண்டு புள்ளி. இடக்கைக்காரர் என்பதும் உதவியது. வலக்கையால் எறிபவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும்போது அவரது இடக்கை பந்துக்கு நேராகவே இருக்கும். பிளாக்கை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். அதனால் ரஸலின் தலையாய திறமைக்குப் புள்ளிவிவரமே கிடையாது. அவரைக் கரீமுக்குப் பின்னால் வைக்க ஒரே காரணம், எதிரணிக் கூடையின் பக்கம் அவர் அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. எறிந்த 100 பந்தில் 44 தான் உள்ளே போயின.

கே: 1961-62 சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்டு எடுத்த சேம்பர்லினை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளியது ஏன்?

ப: அந்த எண்களை அப்படியே இன்றைய எண்களோடு ஒப்பிடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். அந்த சீசனில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 107 முறை கூடைக்கு எறிந்தது, 43 சதவீதம்தான் விழுந்தது. ஆக, தவறிய எறிகள் 61. இன்று ஏறத்தாழ 89 எறி, 47 சதவீதம் விழுகிறது, தவறுவது 47. ரீபவுண்டு எடுக்கக் கிடைக்கும் பந்துகளே கால்வாசி குறைந்துவிட்டன. அடுத்தது நேரம்: சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 48.5 நிமிடம் ஆடினார். இன்றைய நட்சத்திரத்துக்கு 35 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

25.7-ஐ 47/61-ஆல் பெருக்கி, அதை 35/48.5-ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 14 ரீபவுண்டு. புள்ளிகளுக்கு 89/107, 35/48.5: ஏறத்தாழ 30. தவறிய ஃப்ரீ த்ரோக்களை (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத எறிகள்) இதில் சேர்க்கவில்லை, இது தோராயம்தான். 30-ம் 14-ம் இன்றும் எம்.வி.பி. தரம்தான், ஆனால் வேற்றுக்கிரகக் கணக்கு அல்ல. முறையான ஆட்ட நேரமே 48 நிமிடம்; கூடுதல் நேரத்தால் சராசரி அதையும் தாண்டியது. ஓய்வே இல்லாமல் ஒரு சீசன் முழுக்க ஆடிய அந்த உடல்வலிமையை எந்தக் கணக்காலும் குறைக்க முடியாது. கோப்பை இரண்டு, 1967-இலும் 1972-இலும். ஃப்ரீ த்ரோ வாழ்நாள் சராசரி 51 சதவீதம். இந்த இரண்டும்தான் அவரைக் கீழே இழுத்தன.

கே: வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ எறியவைக்கும் 'ஹேக்-எ-ஷாக்' உத்தி ஷகீலுக்கு எதிராகப் பலித்ததா?

ப: நினைக்கும் அளவுக்கு இல்லை. அவரது ஃப்ரீ த்ரோ 52.7 சதவீதம். இரண்டு எறிக்கு 1.05 புள்ளி. 2000-ஆம் ஆண்டுவாக்கில் சராசரி அணி 100 முறை பந்து கிடைத்தால் 104 புள்ளி (முறைக்கு 1.04) எடுத்தது. அதாவது வேண்டுமென்றே ஃபவுல் செய்தும் எதிரணிக்கு மிச்சம் எதுவுமில்லை. சொந்த ஆட்டக்காரர்களுக்கு ஃபவுல் ஏறியதுதான் கண்டபலன்.

கே: அதே ஷகீல் 2000 இறுதித் தொடரில் சராசரி 38 புள்ளி எடுத்தவர். ஹக்கீம் அவரைவிட மேலா?

ப: தாக்குதலில் இல்லை. தடுப்பில், நிச்சயமாக. 1994 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹக்கீமின் ஹூஸ்டன் 86-84 என முன்னிலை. தொடரில் நியூயார்க் 3-2 முன்னிலை. கடைசி நொடிகளில் ஜான் ஸ்டார்க்ஸ் எறிந்த மூன்று புள்ளி ஷாட் விழுந்தால் கோப்பை நியூயார்க்குக்கு. கூடையடியில் நிற்கவேண்டிய சென்டர் கோட்டுக்கு வெளியே பாய்ந்து வந்து விரல் நுனியால் அதைத் தட்டிவிட்டார். ஷகீலால் அவ்வளவு தூரம் வெளியே வந்து காக்க முடியாது. ஒரே சீசனில் எம்.வி.பி., சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடர் நாயகர் மூன்றையும் வென்றவர் ஹக்கீம் மட்டுமே.

கே: யோகிச் மேலே வருவாரா?

ப: வருவார். 2024-25-இல் சராசரியே டிரிபிள்-டபுள் (புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட் மூன்றிலும் பத்துக்கு மேல்). எந்த சென்டரும் அதுவரை செய்யாதது. தடுப்பு அவரது பலவீனம். இன்னொரு கோப்பை வந்தால் சேம்பர்லினுக்கு மேலே வைப்போம்.

கே: பள்ளி அணியில் சென்டராக ஆடுகிறேன். உயரம் 6 அடிதான். இவர்களில் யாரைப் பார்த்துப் பழகலாம்?

ப: ஹக்கீமை. ஏமாற்றிச் சுழன்று எறியும் அவரது 'டிரீம் ஷேக்'குக்கு உயரத்தைவிடக் கால்தான் முக்கியம். கூடைக்கு முதுகு காட்டி, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு பந்தை வாங்குங்கள். அப்போதுதான் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட்டாக (ஊன்றிச் சுழலும் கால்) வைத்துக்கொள்ளலாம். நடுப்பக்கம் தோளையும் தலையையும் மட்டும் ஆட்டுங்கள். பந்து மார்போடு இருக்கட்டும். தடுப்பவரின் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும் எதிர்ப்பக்கம் சுழன்று எறியுங்கள். அவர் சாயாமல் உங்களோடு வந்துவிட்டால், எறிவதுபோல் காட்டி, அவர் துள்ளியதும் அவர் கையின் கீழாக ஓர் அடி வைத்து உள்ளே நுழையுங்கள். பெரும்பாலானோர் தவறுவது இரண்டு இடத்தில்: பந்தைத் தரையில் தட்டுவதற்கு முன்பே பிவட் காலைத் தூக்குவார்கள், அல்லது எறியத் தூக்கிய பிவட் காலை, பந்தை விடுவதற்குள் மறுபடி ஊன்றுவார்கள். இரண்டுமே டிராவலிங் என்ற விதிமீறல். முதலில் பந்தில்லாமல், தடுப்பவர் இல்லாமல், மெதுவாக இரண்டு பக்கமும் பழகுங்கள்.