வானிலை யாருக்கு நன்றாக இருக்க வேண்டும்?

கேள்வி: கலாபகோஸ் தீவுகளுக்குக் குடும்பத்துடன் செல்ல எண்ணுகிறோம். வானிலையும் நன்றாக இருந்து, அங்குள்ள உயிரினங்களையும் ஒன்று விடாமல் பார்த்துவிட எந்த மாதம் ஏற்றது? எங்களுக்கு டிசம்பர் வசதி. ஜூலை, ஆகஸ்டில் வானம் எப்போதும் மூடிக்கிடக்கும், அப்போது போவது வீண் செலவு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பிள்ளைகள் ராட்சத ஆமையைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டா?

பதில்: வானிலை நன்றாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். யாருக்கு? உங்களுக்கா, நீங்கள் பார்க்கப் போகும் உயிர்களுக்கா? பல சுற்றுலாத் தலங்களில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஈக்வடார் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, பூமத்திய ரேகையின் மீதே கிடக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டும் இதைக் கேட்காமல் பயணச்சீட்டு வாங்கக் கூடாது. ஏனென்றால், வெயில் பளிச்சென்று அடித்து, கடலும் வெதுவெதுப்பாக இருக்கும் மாதங்களில் அந்தக் கடலை நம்பி வாழும் விலங்குகளுக்கு இரை குறைவு; நம்மை முகம் சுளிக்க வைக்கும் மூடுபனியும் குளிர்ந்த நீரும்தான் அவற்றுக்கு அறுவடைக் காலம்.

காரணம் காற்றிலும் நீரோட்டத்திலும் இருக்கிறது. ஜூன் வாக்கில் தென்கிழக்குக் காற்று வலுக்கிறது. தென் அமெரிக்கக் கரையை ஒட்டி வடக்கே ஏறிவரும் ஹம்போல்ட் நீரோட்டத்தின் குளிர்ந்த நீர் தீவுகளைச் சூழ்கிறது. அந்த நீரின் மேல் தங்கும் குளிர்க்காற்றை மேலேயுள்ள வெப்பக்காற்று மூடி போட்டது போல் அமுக்கி வைப்பதால், மழையாகப் பொழியாமல் மலைச்சரிவுகளில் பூந்தூறலாகவும் பனிப்படலமாகவும் ஈரம் இறங்குகிறது. அங்குள்ளவர்கள் இதனைக் ‘கரூவா’ என்கிறார்கள். இது போதாதென்று, மேற்கிலிருந்து கடலடியில் ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் அடிவாரத்தில் மோதி மேலெழும்பும்போது ஆழ்கடலின் சத்துகளையும் தூக்கிக்கொண்டு வருகிறது. பூமத்திய ரேகையில் பெங்குயின் வாழ்வது எப்படி என்ற வியப்புக்கு விடை அந்தக் குளிர்ந்த நீர்தான். ஜனவரிக்குள் காற்று தளர்கிறது, வடக்கிலிருந்து வெப்பநீர் இறங்குகிறது, மழை பெய்கிறது, மே வரை வெயிலும் மழையும் மாறிமாறி வருகின்றன.

கடல் இகுவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் கடலில் மேயும் ஒரே பல்லியினம் அது. கறுத்த எரிமலைப் பாறையில் நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்து வெயில் காய்ந்து, உடல் சூடேறிய பின் நீரில் இறங்கிப் பாசியைக் கறம்பித் தின்றுவிட்டு, கரையேறி மூக்கின் வழியே உப்புநீரைத் தும்மித் தள்ளும். அந்த உப்பு அதன் தலையிலேயே விழுந்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். கடல் அளவுக்கு மீறிச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அது விரும்பும் பாசி அழிந்துபோகிறது; அப்போது இகுவானாவின் உடல் மெலிவதோடு நில்லாமல், நீளத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கிவிடுவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். 1982–83 எல் நினோவில் பெங்குயின்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அழிந்தன. எல் நினோ என்பது வெப்பப் பருவம் எல்லை மீறிய நிலை. ‘நல்ல வானிலை’ அங்கே எதைக் குறிக்கக்கூடும் என்பதற்கு இது போதும்.

எனவே உங்கள் நண்பரின் அறிவுரை பாதிதான் சரி. ஜூலை, ஆகஸ்டில் வானம் மூடித்தான் இருக்கும். தாழ்நிலத்துப் பாலோ சாந்தோ மரங்கள் இலையுதிர்த்துச் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும். டார்வின் 1835-இல் அங்கே இறங்கிய செப்டம்பரும் இப்படிப்பட்ட மாதம்தான். இலையற்ற அந்தப் புதர்க்காட்டைப் பார்த்து அவருக்கும் முதலில் ஏமாற்றமே. ஆனால் இந்த மாதங்களில்தான் நீலக்கால் பூபி என்ற கடற்பறவைகள் கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டித் துணை தேடுவதை நன்றாகப் பார்க்கலாம். கடற்சிங்கங்கள் குட்டி ஈனத் தொடங்கும். சாந்தா குரூஸ் தீவின் பெரிய ஆமைகள், கரூவாவின் ஈரத்தில் பசுமை வாடாத மேட்டுநிலத்துக்கு ஏறி வந்திருக்கும். நண்பர் எச்சரிக்க வேண்டியது வானத்தைப் பற்றியன்று, அலையைப் பற்றி: ஆகஸ்ட், செப்டம்பரில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது உண்மையான துன்பம்.

வெப்பப் பருவத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நிலத்தை நம்பி வாழ்பவற்றுக்கு அதுதான் நல்ல காலம். மழை விழுந்ததும் குருவிகள் கூடு கட்டத் தொடங்கும், பச்சைக் கடலாமைகள் இரவில் மணலேறி முட்டையிடும், நீருக்குள் இறங்கி மீன் பார்ப்பவர்களுக்கும் குளிர் உறைக்காது.

‘ஒன்று விடாமல்’ என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். அப்படி ஒரு மாதம் கிடையாது. அலைவரி ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை ஏறக்குறைய முழுவதும் எஸ்பன்யோலா என்ற ஒரே தீவில்தான் கூடுகிறது; ஏப்ரல் வாக்கில் வந்து, கூடென்று எதுவும் கட்டாமல் வெறுந்தரையில் ஒற்றை முட்டையிட்டு, குஞ்சை வளர்த்து, டிசம்பர், ஜனவரி வாக்கில் கடலுக்குப் போய்விடும். பிப்ரவரியில் அங்கே போய் அதைத் தேடுபவருக்கு வெற்றுப் பாறைதான் மிச்சம். திமிங்கலச் சுறாக்கள் வடகோடியிலுள்ள டார்வின், உல்ஃப் தீவுகளின் அருகே ஜூன் முதல் நவம்பர் வரை வருகின்றன; ஆனால் அங்கே செல்வது தேர்ந்த முக்குளிப்போருக்கான படகுகள் மட்டுமே, பிள்ளைகளுடன் நடக்கிற காரியமன்று. பறக்காத நீர்க்காகத்தைக் காண வேண்டுமானால் எந்த மாதம் என்பதைவிட எந்தத் தீவு என்பதே முதன்மை: மேற்கேயுள்ள பெர்னாண்டினாவையும் இசபெலாவையும் தொடாத படகில் ஏறிவிட்டு மாதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே எந்த விலங்கு என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு, அதன் தீவையும் மாதத்தையும் பிறகு தேடுங்கள்.

டிசம்பர்தான் வசதியென்றால் அதுவும் மோசமில்லை. அது இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாதம். எஸ்பன்யோலாவின் ஆண் இகுவானாக்கள் இணைசேரும் பருவத்துக்காகச் சிவப்பும் பச்சையுமாக நிறமேறி நிற்கும், கடலாமைகள் கரையோரம் வரத் தொடங்கியிருக்கும். ஆல்பட்ராஸை மட்டும் உறுதியாக நம்பிப் போகாதீர்கள்; அது கடலுக்குக் கிளம்பும் காலம் அது. மாதத்தின் பிற்பாதியில் விடுமுறைக் கூட்டம் சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு ஒரே சொல்: இல்லை. தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 200 அமெரிக்க டாலர். அது பார்ப்பதற்கான கட்டணம், தொடுவதற்கானதன்று. எந்த விலங்கிடமிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அங்குள்ள விலங்குகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை என்பதால் இதைக் கடைப்பிடிப்பது கேட்பதைவிடக் கடினம். கடற்சிங்கக் குட்டி ஒன்று தானாகவே தத்தித் தத்தி வந்து உங்கள் மகளின் காலணியை முகர்ந்து பார்க்கக்கூடும். தாய் தன் குட்டியைக் குரலாலும் வாசனையாலும் கண்டுகொள்கிறது. அதன் மேல் நம் கை படக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். ஆகையால் அந்த நேரத்தில் பின்வாங்கி நடக்க வேண்டியது குட்டியன்று, நீங்கள்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.