விசுவாசிக்கும் பயம் வரும்: சிஸ்டரம்மா பதில்கள்

கேள்வி: சிஸ்டரம்மாவுக்கு ஸ்தோத்திரம். என் கணவருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போகிறேன். புதுவருட ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம், “நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்பது. ஆனாலும் ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கினால் எனக்குக் கை நடுங்குகிறது. முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு சகோதரர், “விசுவாசம் இருந்தால் பயம் இருக்காது, இந்த வீட்டு அவிசுவாசம்தான் சுகத்தைத் தடுக்கிறது. மருந்தை விட்டுவிட்டு ஆண்டவரை மட்டும் நம்புங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, சாத்தான்குளம் பக்கம்

பதில்: மகளே, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸை ஒரு தடவைகூட விடாதே. டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதே. கிட்னி வேலை செய்யாத உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் வெளியேற வழியில்லாமல் தேங்கும். தண்ணீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு வாங்கும். பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினால் இருதயமே நின்றுபோகலாம். ராத்திரி மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதை டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு விடுகிறார் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இன்னொன்று, பார்க்க வருகிறவர்கள் அன்பாக இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள், பிள்ளைகளுக்குக் கொடு. அவர் வாயில் மட்டும் படக் கூடாது.

சரி, இனி அந்தச் சகோதரர் சொன்னதற்கு வருகிறேன். நல்ல மனதோடுதான் வந்திருப்பார். ஆனால் அவர் சொன்ன பேச்சு வேதத்தில் இல்லை. பவுல் அப்போஸ்தலருடைய உறுமால் துணிகளைக் கொண்டுபோய் வியாதிக்காரர்மேல் போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதே பவுல்தான் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில், “துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்கிறார். கூடவே ஊழியம் செய்த ஆள், சுகமாகவில்லை, விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. துரோப்பீமுவின் விசுவாசத்தில் குறை என்று பவுல் அங்கே ஒரு வார்த்தை எழுதவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வருகிற பலவீனத்துக்கும் அவர் சொன்னதோ, கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிற வைத்தியம். வியாதிக்காரர் வீட்டுக்குப் போய் அந்த வீட்டார் தலையிலேயே குற்றத்தை ஏற்றுகிறவர்கள், இந்தப் பகுதிகளை ஒரு முறை நிதானமாக வாசித்துவிட்டுப் போக வேண்டும். எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு ஆறாத காயமாகிவிட்டது என்று பார்த்தவள் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உன் பயத்தைப் பற்றிக் கேட்டாய். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். சிறுவயதிலிருந்தே அவதிப்படுகிற பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, சீஷர்களால் முடியாமல் போய், கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறான். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சத்தமிடுகிறான். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. விசுவாசத்தை முழுசாக்கிக்கொண்டு பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் குறை விசுவாசத்தோடு வந்தவனுடைய பிள்ளையை அந்த இடத்திலேயே சுகமாக்கினார். உன் கை நடுங்கட்டும், மகளே. நடுங்குகிற கையாலேயே அவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

வார்த்தை வராததற்கும் வருத்தப்படாதே. மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நைட் டியூட்டி பார்த்த காலத்தில், புருஷனுக்குத் துணையாக ஒரு அம்மா இருந்தார்கள். வேதத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள். ராத்திரி ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் அது அவர்கள் மடியில் விரித்திருக்கும். சங்கீதப் பக்கம். ஆனால் கண் எங்கேயோ இருக்கும், பக்கமும் புரளாது. “என்னம்மா, வாசிக்கிறீங்களா?” என்று கேட்டேன். “வாசிக்க வரல சிஸ்டர். விரலை மட்டும் வச்சிருக்கேன்” என்றார்கள். பார்த்தால், ஆட்காட்டி விரல் ஒரு வரிமேல் இருந்தது. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிற 13ஆம் சங்கீதம். அன்றைக்கு அந்த வார்டில் நான் கேட்ட ஜெபங்களில் அதைவிட உண்மையானது இல்லை. உனக்கு வார்த்தை வராதபோது தாவீதின் வார்த்தையைக் கடன் வாங்கு. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். 88ஆம் சங்கீதத்தையும் வாசி. அது கடைசி வசனம்வரை ஆறுதலே இல்லாமல் முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

அப்புறம், நீ தூங்க வேண்டும். இதையும் ஆவிக்குரிய ஆலோசனையாகத்தான் சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டார். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவும் இல்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்று தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் தரம் வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்கு நடை. ஆகவே உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் வெட்கப்படாமல் கேள்: “வாரத்தில் ஒரு ராத்திரி யாராவது வந்து இவர் பக்கத்தில் இருக்க முடியுமா? நான் தூங்க வேண்டும்.” ஜெபிக்க வருகிறவர்களைவிட இப்போது உனக்குத் தேவை கஞ்சி வைத்துத் தருகிறவர்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் இன்னும் நல்லது.

பண விஷயமும் பயத்தில் பாதி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் மத்திய அரசுத் திட்டமும் 2016லிருந்து இருக்கிறது. நீ இதுவரை பதியவில்லை என்றால், ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுப் பிரிவில் விசாரி. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்கிற வானத்து அப்பம் விழுந்தது. ஆனால் காலையில் எழுந்து போய்ப் பொறுக்கியவர்கள்தான் சாப்பிட்டார்கள். மறுநாளைக்கு என்று வைத்தது பூச்சி பிடித்து நாறிப்போனது. வருகிற வருஷம் என்ன ஆகுமோ என்கிற கவலைக்கு இன்று உனக்குப் பெலன் கிடைக்காது, ஏனென்றால் அது இன்றைய பங்கில் இல்லை. நாளைக் காலை பஸ் ஏறுவதற்கான பெலனைக் கேள்.

கேள்வி: சிஸ்டரம்மா, எனக்கு 27 வயது. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதித் திரும்பவும் தோல்வி. அந்த வருடம் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்” என்று இருந்தது. அதை ஃபிரேம் போட்டு மேஜைமேல் வைத்துப் படித்தேன். ரிசல்ட் வந்த அன்று அதைத் திருப்பி வைத்துவிட்டேன். கடவுள் என்னை ஏமாற்றிவிட்டாரா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, கேள்வியை மறைக்காமல் கேட்டதற்கு உன்னை மெச்சுகிறேன். அந்த வசனம் உபாகமம் 28ல் இருக்கிறது. இன்று போய் முழு அதிகாரத்தையும் வாசி. கானானுக்குள் நுழையப்போகிற ஒரு ஜனத்துக்கு, கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்தால் மழை எப்படி, பயிர் எப்படி, மற்ற தேசத்தார் நடுவில் நிலைமை எப்படி என்று சொல்லப்பட்டது அது. இரண்டு வசனம் தள்ளினால் கீழ்ப்படியாதவர்களுக்கான சாபங்கள் நீளமாக வருகின்றன. அவற்றை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. அட்டையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்குகிறது. ஆனால் அது உன் ஹால்டிக்கெட் எண்ணைப் பார்த்து எழுதப்பட்டது இல்லை.

நம் இளைஞர்கள் அதிகமாகச் சொல்லும் இன்னொரு வசனம் எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இது யாருக்கு வந்தது? பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் வீடு திரும்பிவிடுவீர்கள் என்றான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியாவோ எழுபது வருஷம் என்று கடிதம் எழுதினார். கூடவே, “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்” என்றும் எழுதினார். அனனியா சொன்னது பொய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்தக் காலத்திலும் அனனியாக்கள் இருக்கிறார்கள், தம்பி. இந்த வருஷமே வேலை, இந்த மாதமே கல்யாணம் என்று மேடையில் தேதி குறிக்கிறார்கள். தேவனோ உனக்குத் தேதி சொல்லாமல், செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்கிறார்: இருக்கிற இடத்தில் தோட்டம் போடு.

உன் விஷயத்தில் அது என்ன என்றால், கிடைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டு பரீட்சைக்குப் படி. சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தால்கூடப் போதும், உன் கையில் சொந்தக் காசு இருக்கும், பாடமும் மறக்காது. எத்தனை தடவை எழுதுவது என்பதற்கு ஓர் எல்லையை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். ஃபிரேமை என்ன செய்ய என்று நீ கேட்கவில்லை. என்றாலும் சொல்கிறேன்: உபாகமத்தை முழுசாக வாசித்து முடித்த பிறகு நீயே முடிவு பண்ணிக்கொள்.

கேள்வி: சகோதரிக்கு வாழ்த்துக்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, சேகரக் கமிட்டி என்று ஓடிக்கொண்டிருந்தவன். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு இருக்கிறேன். இனி என்னால் தேவனுக்கு என்ன பிரயோஜனம்?
— ஒரு வாசகர், நாசரேத்

பதில்: ஐயா, உங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி அம்மையார் இருந்தார்கள். 1895ல் இந்தியாவுக்கு வந்தவர்கள், கடைசிவரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்ப்பதற்காக வெயிலிலும் மாட்டுவண்டியிலும் அலைந்த கால்கள் அவை. 1931ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. சுகத்துக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையில்தான் இருந்தார்கள். அந்த அறையிலிருந்து புத்தகங்களும் கணக்கில்லாத கடிதங்களும் போய்க்கொண்டே இருந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். வலி இல்லாத நாட்கள் அவர்களுக்குக் குறைவு. அதை மறைத்துக்கொண்டு அவர்கள் எழுதவும் இல்லை.

நீங்கள் வாத்தியார். சபைப் போதகரான ஐயரிடம் சொல்லி, ஓய்வுநாள் பள்ளிப் பெயர்ப் பட்டியலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வகுப்பில் பேர் கூப்பிடுவதுபோல் தினமும் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு ஜெபியுங்கள். கணக்கு வராத பிள்ளை எந்தச் சபையிலும் இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வதும் முக்கியம். வீட்டாருக்குத் தொந்தரவு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை. காலையில் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கம்பெனி வண்டி பிடித்து, திரும்பி வர எட்டு மணி ஆகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்காதவர்களுக்குப் பெலன் கிடைக்காது என்கிறார்களே?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நாலு மணி என்று கர்த்தர் கணக்கு வைக்கவில்லை, மகளே. இடிந்துகிடந்த எருசலேமின் மதிலை நினைத்து நெகேமியா, தான் வேலை செய்த ராஜாவுக்கு முன்பாகத் துக்கமுகமாக நின்றபோது, “நீ கேட்கிற காரியம் என்ன” என்றான் ராஜா. அந்தக் கேள்விக்கும் அவர் சொன்ன பதிலுக்கும் நடுவில், “பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி” என்று எழுதியிருக்கிறது. எத்தனை விநாடி இருந்திருக்கும்? கண்ணை மூடக்கூட நேரமில்லை. அந்த ஜெபம் கேட்கப்பட்டு, எருசலேமின் அலங்கமும், அதாவது அந்த மதிலும், கட்டப்பட்டது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கை தெரியும். உலை வைக்கும்போது வீட்டுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், ஊழியத்துக்கு. என் அம்மா அந்தப் பிடியை உடனே போட மாட்டார்கள். கை பானைமேல் நிற்கும், உதடு அசையும், யாராவது ஒருவர் பேர் வரும், அப்புறம்தான் அரிசி விழும். நீயும் அரிசி களைகிறாய் அல்லவா, அங்கே தொடங்கு. வண்டியில் ஜன்னல் சீட்டு கிடைத்தால் ஒரு சங்கீதம். ராத்திரி ஜெபிக்கும்போது தூங்கிவிட்டால் தூங்கு, எழுந்து உட்கார்ந்து உன்னையே திட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போடுகிறாய் என்றால் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அதை விட்டுவிட வழி இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார். ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, பிள்ளைகளோடு சாப்பிட்டு, மத்தியானம் நன்றாகத் தூங்கு.