ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டுக்குள் தண்ணீரைக் கொண்டே கணினி கட்டுகிறார்கள் என்பது உண்மையா? எப்படி?

உண்மைதான். நானே அதில் நான்கு பிட் (அதாவது ஒன்று, சுழியம் என்ற நான்கு இலக்கங்கள்) கொண்ட கூட்டுப்பொறி ஒன்றைக் கட்டி, அது தவறாகக் கூட்டியதால் ஒரு வாரம் திண்டாடியவன்.

2006-இல் வெளியான இந்த விளையாட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் நிற்கும் தண்ணீரின் ஆழம் 0 முதல் 7 வரையிலான ஓர் எண். ஆழம் 4 முதல் 7 வரை இருக்கும்போது இயங்குமாறு ஓர் அழுத்தத் தகட்டைத் தரையில் பதித்து, அதை ஒரு கதவுடன் இணைத்துவிட்டால், தண்ணீர் நிற்பது ஒன்று, வடிந்திருப்பது சுழியம் என்றாகிவிடும். ஒரே வாய்க்காலில் இரண்டு கதவுகளை அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் திறந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும்; கணினியின் அடிப்படைத் தருக்க உறுப்புகளில் ஒன்றான அண்ட் கேட் அதுதான். கிளைக்கு ஒன்றாக வைத்தால், ஏதேனும் ஒன்று திறந்தாலே போதும்; அது ஆர் கேட். தகட்டையே 0 முதல் 3 வரை என மாற்றி அமைத்தால், ஒன்றைச் சுழியமாகவும் சுழியத்தை ஒன்றாகவும் திருப்பும் நாட் கேட். இம்மூன்றும் கைக்கு வந்த பிறகு எந்தக் கணக்கையும் கட்டலாம்.

என் பொறி 5-ஐயும் 3-ஐயும் கூட்டி 8 என்று சரியாகக் காட்டியது. அடுத்து 1-ஐயும் 2-ஐயும் கொடுத்தபோது 7 என்றது. விடுமுறைக்குக் கொடுமுடிப் பக்கம் போயிருந்தேன், அங்கே காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடும் என் அப்புச்சி, திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணி கட்டுனது சரி கண்ணு, வடிகால் எங்க? நின்னா கெழங்கு அழுகிப் போயிருமே" என்றார். அழுகியது அதுவேதான். முதல் கணக்கில் இரண்டாம் பிட்டிலிருந்து மூன்றாம் பிட்டுக்குப் போன மிகுதி (கூட்டலில் அடுத்த இலக்கத்துக்கு ஏற்றும் எண்), அதற்கான தொட்டியிலேயே தேங்கி நின்று, அடுத்த கணக்கில் ஒரு நான்கைக் கூடுதலாகச் சேர்த்திருந்தது. ஆழம் 1 என்றால் தானாக ஆவியாகும். 5 என்றால் நாம் வெளியேற்றும்வரை அசையாது. ஊருக்கெல்லாம் பம்பு செய்து அனுப்பும் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, அந்தத் தொட்டிக்கு ஒரு பம்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை! விளையாட்டில் ஒரு திருகு பம்புக்கு 10 அலகு ஆற்றல் போதும். ஒரு நீர்ச்சக்கரம் 100 அலகு தரும்.

வேகத்தைப் பற்றி ஆசை வேண்டாம். கதவு உடனே திறக்கும். மதகு திறக்கவோ 100 டிக் (விளையாட்டின் மிகச் சிறிய நேர அலகு) ஆகும். விளையாட்டில் ஒரு நாளுக்கு 1200 டிக் என்பதால், 12 மதகுகளைச் சங்கிலியாகக் கோத்தால் ஒரே விடைக்கு ஒரு பகலும் இரவும் போய்விடும். ஓடும் தண்ணீர் கூடக்கூட உங்கள் உண்மைக் கணினியும் திணறும்.

தொடங்குவதானால் ஒரே ஒரு நாட் கேட்டைக் கட்டி, பத்து முறை நிரப்பி வடித்துப் பாருங்கள். குளிர்ப்பிரதேசமாக இருந்தால் எல்லாவற்றையும் நிலத்தடியில் வையுங்கள். வெட்டவெளியில் வைத்தால் மழை, பனி என்று நிற்காமல், குளிர்காலத்தில் வாய்க்காலே உறைந்து கட்டியாகிவிடும்.