முப்பத்து மூன்று உருவங்களும் ஒரு ரோபோவும்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். கியோட்டோவில் மூன்று நாள். அங்கே ஒரு கோயிலில் ரோபோ பிரசங்கம் செய்கிறதாம், பார்த்தே ஆக வேண்டும் என்கிறான் மகன். "இயந்திரத்தையா போய்க் கும்பிடுவது? பழைய கோயிலைக் காட்டுங்கள், போதும்" என்கிறார் மாமியார். யார் பக்கம் சாய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிப் போங்கள். ஆனால் முதலில் மாமியாரின் கோயில். அந்த வரிசையில் போனதால்தான் எனக்கு அந்த ரோபோவே புரிந்தது.

காலையில் சன்ஜூசன்கென்டோ என்ற பழைய பௌத்தக் கோயில். இப்போதுள்ள மண்டபம் 1266இல் கட்டியது, சுமார் 120 மீட்டர் நீளம். உள்ளே 1001 கன்னோன் சிலைகள். நடுவில் பெரிதாக ஒருவர் அமர்ந்திருக்க, இரு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக நிற்கிறார்கள். நடுச் சிலையைத் தான்கெய் என்ற சிற்பி முடித்தபோது அவருக்கு வயது 82. படம் எடுக்க அனுமதி இல்லை. அது எவ்வளவு நல்லது என்று உள்ளே நின்றால்தான் தெரியும். முன்வரிசையில் இந்திரன், கருடன், லட்சுமி எல்லாரும் ஜப்பானிய முகத்தோடு நிற்கிறார்கள். மாமியார் அங்கேயே நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள்.

கன்னோன் வேறு யாருமில்லை, பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவரான நம் அவலோகிதர்தான். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவரிடம்தான் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது. தஞ்சாவூர்க்காரரான உங்கள் மாமியாருக்கு இதை அவசியம் சொல்லுங்கள். மண்டபத்தின் பெயருக்கு, தூண்களுக்கு நடுவே முப்பத்து மூன்று இடைவெளிகள் கொண்டது என்று அர்த்தம். உயிர்களைக் காப்பாற்றக் கன்னோன் முப்பத்து மூன்று உருவங்கள் எடுப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோடாய்ஜி. போர்த்தலைவர் ஹிதெயோஷியின் நினைவாக அவர் மனைவி நெநெ 1606இல் நிறுவிய கோயில். மகன் சொல்லும் ரோபோ இங்கேதான் இருக்கிறது. பெயர் மிண்டார், 2019இல் வந்தது. முகமும் கைகளும் சிலிக்கோன் என்ற ரப்பர் போன்ற பொருள். மற்ற இடமெல்லாம் அலுமினியம், ஒயர்கள் வெளியே தெரியும். இருதய சூத்திரம் என்ற பௌத்த நூலை விளக்கிப் பேசும். பேச்சு ஜப்பானிய மொழியில், திரையில் ஆங்கிலம் ஓடும். நேரத்தைக் கோயிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

கன்னோன் எந்த உருவமும் எடுப்பவர், இந்தக் காலத்துக்கு இயந்திரமாக வந்திருக்கிறார் என்பது கோயிலின் விளக்கம். காலையில் அந்த முப்பத்து மூன்றைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு அது விளம்பரப் பேச்சாகத் தோன்றவில்லை. இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தயங்கினேன். பக்கத்தில் இருந்த ஒரு ஜப்பானியப் பாட்டி, பிரசங்கம் முடிந்ததும் கண்ணை மூடி, கைகூப்பி, மெல்லக் குனிந்தார். சரி என்று நானும் கும்பிட்டேன். மாமியாரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். உட்கார்ந்து கேட்கட்டும், பிறகு அவர் இஷ்டம்.

பஸ், ரயிலுக்கு இக்கோக்கா என்ற, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் கார்டைத் தொட்டால் போதும். உண்டியலுக்குச் சில்லறை வேண்டும். ஐந்து யென் நாணயம்தான் அவர்கள் விரும்பிப் போடுவது. 'கோ-என்' என்ற அதன் ஒலிக்கு 'நல்ல தொடர்பு' என்றும் பொருள் உண்டு. சன்ஜூசன்கென்டோவில் செருப்பைக் கழற்ற வேண்டும், குளிர்காலத்தில் மரத்தரை சில்லென்று ஏறும். மாமியாருக்குக் கனமான காலுறை இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள்.