முதுகெலும்பில் சீழ், பெருந்தமனியில் வீக்கம்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. முதுகெலும்பில் கிருமித்தொற்று என்று ஊசி போட்டு வருகிறார்கள். இப்போது ஸ்கேனில் பெருந்தமனியும் (இதயத்திலிருந்து வரும் முக்கிய ரத்தக்குழாய்) வீங்கியிருக்கிறதாம்; உடனே ஆபரேஷன் என்கிறார்கள். 3 செ.மீ.தானே, கொஞ்ச நாள் பார்க்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வரை கண்காணிக்கலாம் என்பது, வயதால் மெதுவாகப் பெருக்கும் வீக்கத்துக்கான கணக்கு. கிருமி அரித்த தமனிக்கு அது பொருந்தாது.

பெருந்தமனி இடுப்பு முள்ளெலும்புகளின் முன்புறத்தை ஒட்டியே இறங்கி, நான்காவது எலும்பருகே இரண்டாகப் பிரிகிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் கட்டிய சீழ் முன்பக்கம் பரவினால் நேராகத் தமனிச் சுவரைத்தான் அரிக்கும். பெரும்பாலும் சுவர் ஓட்டையாகி, கசியும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு மட்டுமே பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் சில நாட்களிலேயே பெருத்து வெடித்துவிடலாம்.

மருந்து கிருமியைக் கொல்லும், ஓட்டையை அடைக்காது. ஆபரேஷனில் கெட்ட சுவரையும் சீழையும் அகற்றி அதே இடத்தில் மாற்றுக் குழாய் வைப்பார்கள். அந்த இடம் மிகவும் கெட்டிருந்தால் அக்குளிலிருந்து தொடைகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுவார்கள். உடல் தாங்காதவர்களுக்குத் தொடை வழியாக ஸ்டென்ட். ஆனால் அதில் சீழ் உள்ளேயே தங்கும், எனவே மருந்து நீளும். பொதுவாக 4 முதல் 6 வாரம் நரம்பு ஊசி, பிறகு பல மாதம் மாத்திரை. சிலருக்கு ஆயுள் முழுவதும்.

எந்தக் கிருமி என்று அவசியம் கேளுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ், சால்மோனெல்லா, டிபி மூன்றுக்கும் மருந்து வேறு. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுத்த ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) ரிப்போர்ட் இருந்தால் அதுதான் தங்கம், பத்திரப்படுத்துங்கள். முதுகுத்தண்டு டிபி என்றால் சிகிச்சை வழக்கமாக 12 மாதம். வலி போனதும் நிறுத்தக்கூடாது. எலும்பில் ஊசி குத்தி மாதிரி எடுப்பதாக இருந்தால், ஊசி தமனியில் பட்டுவிடாமலிருக்க, எடுப்பவர் சி.டி. ஆஞ்சியோவை (ரத்தக்குழாய் ஸ்கேன்) முதலில் பார்த்தாக வேண்டும். ஆஞ்சியோவுக்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்து முதுகை அமுக்குவது, நாட்டு எலும்பு வைத்தியசாலையில் கட்டுப் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். பிரஷர் மாத்திரை விடக்கூடாது. திடீர்க் கடும் வயிற்றுவலி அல்லது முதுகுவலி, வேர்த்து மயக்கம், ரத்த வாந்தி, கறுப்பாக மலம், கால் சில்லிடுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் 108. ரத்தநாள அறுவைசிகிச்சைத் துறை உள்ள இடத்துக்கே போங்கள். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் உண்டு. ஸ்கேன் பதிவான சி.டி. தட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.