ஸ்ட்ரிங் குவார்டெட் கச்சேரியில் நடுவில் கைதட்டினால் தப்பா?

"பாட்டு முடிந்துவிட்டதென்று கைதட்டினேன், நாலு பேர் திரும்பி முறைத்தார்கள், என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பெல்லாம் இல்லை. ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது), ஒரு செல்லோ (கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம்) சேர்ந்து வாசிப்பது. அந்த உருப்படி பெரும்பாலும் நான்கு பகுதிகளாக இருக்கும், நீங்கள் தட்டியது முதல் பகுதி முடிந்த இடமாக இருக்கும். அங்கே கப்சிப் என்று இருப்பது ஆதிகாலத்து விதியும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் நடுவிலேயே தட்டினார்கள், இந்த மௌனம் கெட்டிப்பட்டதே 20ஆம் நூற்றாண்டில்தான். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1781இல் எழுதிய ஒரு குவார்டெட்டின் கடைசியில் வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, முடிந்ததா இல்லையா என்று ஆளைக் குழப்புவார். 'ஜோக்' என்றே அதற்குப் பேர் விழுந்துவிட்டது.

நம்ம ஊர்க்காரர்களுக்குக் கஷ்டம் வேறு. மதுரை தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் தனி ஆவர்த்தனத்துக்குத் தொடையில் தாளம் போட்டு, நல்ல சங்கதி விழுந்தால் 'ஆஹா' சொல்லிப் பழகிய கூட்டம் இது. என் பெரியப்பா செல்லோவின் மெதுவான பகுதியை முதல்முறை கேட்டபோது 'ப்ச்... ப்ச்' என்று சொக்கிப்போய்த் தலையாட்ட, முன்வரிசை அம்மா திரும்பிப் பார்த்தார், மனுஷன் கண்டுகொள்ளவே இல்லை.

சரி, சந்தேகமாக இருந்தால் அவர்கள் தந்தியில் இழைத்து வாசிக்கும் வில்லைக் கவனியுங்கள். நாலு பேரும் வில்லை இறக்கி, எழுந்து நின்றால் தாராளமாகத் தட்டலாம், வில் அந்தரத்தில் நின்றால் கொஞ்சம் பொறுங்கள்.